விரதம் இருக்காத பாம்பு

வேன் அக்கா வீட்டுச் சுவரில் முருகன் படத்துக்கும் மகளின் பட்டமளிப்புப் படத்துக்கும் நடுவே ஓர் அரசாங்கக் கடிதம் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். வீட்டில் பாம்பு வளர்த்துக்கொள்ளலாம் என்று அனுமதி தந்த உரிமம் அது. புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்காரத் தயங்குவார்கள்.

“உக்காருங்க லா. அது பெட்டிக்குள்ளதான் இருக்கு. உங்களப் பாக்க அதுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல,” என்பார் அக்கா.

அவருடைய பெயர் வேன் கதவில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தது. எங்கள் தாமான் குடியிருப்பில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய் மதியம் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறவர் என்பதால் வேன் அக்கா. அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, ஒட்ட வெட்டிய முடி, ஆண்கள் போடுகிற அரைக்கைச் சட்டை, காலில் எப்போதும் ரப்பர் சிலிப்பர். கணவர் செத்துவிட்டாரா, விட்டுவிட்டுப் போனாரா என்பதில் தாமானில் இரண்டு கட்சி இருந்தது. நேரே கேட்டவர்களிடம் அக்கா, “போயிட்டாரு,” என்றார். இரண்டு கட்சியும் தங்கள் பக்கம்தான் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டது.

நான் பக்கத்து வீடு. நடுவில் ஒரே சுவர். கோலா சிலாங்கூர் டவுனில் ஒரு கிளினிக்கில் பதிவு மேசையில் வேலை. கணவருக்கு ரவாங்கில் தொழிற்சாலை வேலை. மாமியார் எங்களோடு இருந்தார். கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. இந்தக் கடைசி விவரத்தை நான் சொல்லாவிட்டாலும் என் மாமியார் சொல்லிவிடுவார் என்பதால் நானே முந்திக்கொள்கிறேன்.

அந்தப் பாம்பை அக்கா ஆசைப்பட்டு வாங்கவில்லை. முனை வீட்டில் வாடகைக்கு இருந்த சீனர் ஒருவர், வேலை கிடைத்துச் சிங்கப்பூருக்குப் போனபோது அதைப் பெட்டியோடு வாசலில் விட்டுவிட்டுப் போனார். வீட்டுக்காரர், புல் வெட்ட வந்த ஆளிடம் அதைப் பின்னால் இருக்கிற செம்பனைத் தோட்டத்துக்குள் கொண்டுபோய்க் கொட்டச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அக்காவின் வேன் அங்கே வந்து நின்றது.

“பெட்டியிலயே பொறந்து பெட்டியிலயே வளந்தது. செம்பனையில வுட்டா ரெண்டு நாள் தாங்குமா அது?” என்று கேட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கி வேனின் கடைசி சீட்டில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். பயமே இல்லையா அக்கா என்று நான் பிறகு கேட்டேன்.

“பயமா? ஸ்டியரிங் புடிக்க முடியல, அப்புடி நடுங்குது கையி. எங்கப்பா எஸ்டேட்ல நல்லபாம்பு கடிச்சு வெரல் போனவரு. ஆனா நடுக்கம் எனக்குத்தான லா? அதுக்கு அது என்னா பண்ணும்?”

ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை. மூன்றரை அடி நீளம், முன்கைப் பருமன். கரும்பழுப்பு உடம்பில் தோசை கருகினாற்போல் திட்டுத் திட்டாக இருக்கும். பயந்துவிட்டால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்து மாதிரி சுருண்டுவிடும். இந்த வீராதி வீரனைப் பார்த்துத்தான் எங்கள் வரிசையே நடுங்கியது.

வந்த மூன்றாம் நாளே அக்கா சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போய் உரிமத்துக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு படிக்க ஆரம்பித்தார். கைப்பேசியில் ஒவ்வொரு வரியாக விரலால் தடவித் தடவிப் படிப்பார். பெட்டியின் ஒரு மூலை சூடாக, எதிர் மூலை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். இரண்டு மூலையிலும் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். இரண்டு மண்சட்டிகளை வாங்கி, விளிம்பில் வாசல் மாதிரி உடைத்து, ராவி, கவிழ்த்து வைத்தார். கீழே தேங்காய் நார்த்தூள். முழு உடம்பும் நனைகிற அளவுக்கு ஒரு தண்ணீர்த் தட்டு. எலி உறைய வைத்துப் பாக்கெட்டில் வரும். அதற்கென்று தனியாக ஒரு குட்டி ஐஸ்பெட்டி. உணவு நாளில் எலியை வெந்நீரில் போட்டு இளக்கி, நீளமான இடுக்கியால் பிடித்துக் காட்டுவார். முடிந்ததும் அடுப்படியில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில், அன்றைய கட்டத்தில், சஷ்டிக்கோ கிருத்திகைக்கோ கீழே ‘எலி 1’ என்று எழுதுவார்.

வேன் பிள்ளைகள் அதற்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லி நச்சரித்தார்கள். அக்கா அசையவில்லை. “கூப்ட்டா வரப்போவுதா? அதுக்குக் காது மடலே கெடையாது. பேரு நமக்குத்தான் வேணும், அதுக்கு வேணாம்,” என்றார்.

எதைப் பார்த்தாலும் அவர் கேட்பது இந்த ஒரு கேள்விதான்: அதற்கு என்ன வேண்டும்? மழைநாளில் மகளுக்கு மூன்று சட்டை மாட்டி அனுப்பிய தாயிடம், “அவளுக்கு வேர்க்குது. குளுருறது ஒனக்கு,” என்று சொல்லி இரண்டைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தார். அந்த அம்மாவுக்கு ஒரு மாதம் கோபம். பிள்ளை மட்டும் தினமும் சிரித்துக்கொண்டே ஏறியது.

பாம்பு இருக்கிற வீட்டுக்காரி ஓட்டும் வேனில் என் பையனை அனுப்ப மாட்டேன் என்று ஒரு தகப்பன் வந்து கத்தினார். அக்கா மறுத்துப் பேசவில்லை. “நியாயம்தான். பாக்காம எப்புடி நம்புவீங்க? உள்ள வந்து பாருங்க, மூடிய அசைச்சுப் பாருங்க. அப்பறம் அனுப்புறதா வேணாமான்னு முடிவு பண்ணுங்க,” என்றார். வந்தவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றார். பிறகு உள்ளே போனார். போகும்போது பாம்போடு ஒரு செல்பியும் எடுத்துக்கொண்டு போனார்.

அவரை நான் முழுசாகப் புரிந்துகொண்டது எங்கள் பின்சந்தில் நிஜமான நல்லபாம்பு வந்த அன்றைக்கு. மழைக்குப் பிறகு செம்பனையிலிருந்து வந்து லோங்காங் கால்வாயில் இறங்கியிருந்தது. கால்வாயின் இந்தப் பக்கம் ஆண்கள் கட்டையும் பாராங் கத்தியுமாக நின்றார்கள். அந்தப் பக்கம் என் மாமியார் ஒரு சொம்புப் பாலோடு நின்றார். அடித்து முடித்ததும் பால் ஊற்றி, காசு வைத்து எரிக்க வேண்டும் என்பது அவர் எஸ்டேட்டில் பார்த்து வளர்ந்த முறை. எல்லாம் தயார், பாம்பு சாவது ஒன்றுதான் பாக்கி.

அக்கா அந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்றார். கைப்பேசியில் பொம்பா தீயணைப்புப் படையைக் கூப்பிட்டுவிட்டு, “யாரும் அசையாதீங்க, வர்றாங்க,” என்றார். ஒருவர், “தள்ளுங்க வேன் அக்கா, அடிச்சிட்டுக் கும்புட்டுக்கலாம்,” என்றார்.

“சின்ன வயசுலேர்ந்து பாக்குறேன். ஒண்ணு அடிக்கிறீங்க, இல்லன்னா கும்புடுறீங்க. ரெண்டும் இல்லாம சும்மா வுடத் தெரியாதா லா ஒங்களுக்கு?”

தீயணைப்பு ஆட்கள் வந்து கொக்கியால் தூக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு போனார்கள். மாமியார் அந்தப் பாலை வீட்டுக்குக் கொண்டுவந்து காய்ச்சி எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

இனி சொல்லப்போவது எனக்குப் பெருமை தருகிற விஷயம் அல்ல. அந்த ஆண்டு புரட்டாசி பிறந்ததும் அக்காவின் பாம்பு சாப்பாட்டை நிறுத்தியது. எலியைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இந்த வகைப் பாம்புகள் நினைத்தால் வாரக்கணக்கில் சாப்பிடாமல் கிடக்கும், எடை குறையாதவரை கவலையில்லை என்று அக்கா படித்து வைத்திருந்தார். சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை நிறுத்துப் பார்த்தார். நாள்காட்டியில் ‘சாப்பிடவில்லை’, ‘சாப்பிடவில்லை’ என்று எழுதி வந்தார்.

கறிவேப்பிலை கேட்கப் போன என் மாமியார் அந்த நாள்காட்டியைப் பார்த்துவிட்டார். ஓடி வந்தார்.

“ஏய், அது புரட்டாசி வெரதம் இருக்குடி! ஒண்ணாந் தேதிலேர்ந்து கவுச்சி தொடல!”

“அது பாம்பு, அத்தே.”

“பெருமாள் எது மேல படுத்திருக்காரு? பாயி மேலயா?”

“அது நாகமே இல்ல. படம்கூட எடுக்காது.”

“எடுக்காட்டி என்னா? அடக்கமான பாம்புன்னு வச்சுக்க.”

என் ஜாதகத்தில் நாக தோஷம் இருப்பதாக ஒரு சோதிடர் சொல்லியிருந்தார். உயிரோடு இருக்கிற பாம்புக்குப் பால் வார்த்தால் தீரும் என்றும் சொல்லியிருந்தார். உயிருள்ள பாம்பு அடுத்த வீட்டில், அதுவும் விரதத்தில் இருக்கும்போது, என் மாமியாரை யார் பிடித்து நிறுத்துவது? அக்காவிடம் நேராகவே கேட்டார். அக்கா, “அதுக்குப் பால் ஆவாதும்மா. குடிக்கவும் தெரியாது,” என்று இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

அடுத்த வாரம் கலும்பாங்கில் இருக்கும் தங்கைக்கு அறுவை சிகிச்சை என்று அக்கா மூன்று நாள் போக வேண்டியிருந்தது. பள்ளி விடுமுறை நேரம். சாவியை என்னிடம் கொடுத்தார். “தண்ணி மட்டும் மாத்து, தங்கச்சி. சூடு எத்தன காட்டுதுன்னு பாரு. ஜன்னல் தொறக்காத, காத்து நேரா அடிச்சா ஆவாது. வேற ஒண்ணும் செய்யாத. ஒண்ணும் செய்யாம இருக்குறதுதான் கஷ்டம், பாத்துக்க.”

சனிக்கிழமை காலை நான் தண்ணீர் மாற்றப் போனபோது மாமியார் பின்னாலேயே வந்தார். கையில் பால், மஞ்சள், குங்குமம், சாம்பிராணித் தூபக்கால். “நீ மூடிய மட்டும் தொற. மத்தத நான் பாத்துக்கிறேன்.”

மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். மாமியார் வற்புறுத்தினார் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் எனக்கு வழி இருக்கிறது. உண்மை அது இல்லை. ஆறு வருடமாக ஒவ்வொரு மாதமும் நாளை எண்ணி, ஏமாந்து, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதவள் நான். ஒருவேளை பலித்துவிட்டால் என்ற நினைப்பு எனக்குள்ளும் இருந்தது. நானேதான் மூடியைத் திறந்தேன்.

மாமியார் மஞ்சள் கலந்த பாலை ஊற்றினார். பாம்பு பந்தாகச் சுருண்டது. “பாத்தியா, தலையக் குனிஞ்சு வாங்கிக்குது,” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஜன்னல் மூடிய அறை முழுக்கச் சாம்பிராணிப் புகை. அவர் போன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. பாம்பை ஈரத்துணியால் எப்படியோ துடைத்தேன், தொட்டும் தொடாமலும். நார்த்தூளை மேலாக மட்டும் மாற்றினேன். எல்லாம் காயட்டும் என்று மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, மூடியைத் திறந்தே போட்டுவிட்டு மதியம்வரை வீட்டுக்குப் போய்விட்டேன். இதற்குமேல் தவறு செய்ய அந்த வீட்டில் எதுவும் மிச்சமில்லை.

அக்கா ஞாயிறு மாலை திரும்பினார். புதன்கிழமை பாம்பு வாயைத் திறந்து மூச்சு விட்டது. மூக்கில் குமிழ். மூச்சில் ஒரு விசில் சத்தம். வியாழனன்று காலை சவாரிக்கும் மதிய சவாரிக்கும் நடுவில் அதைத் துணிப்பையில் போட்டுக் கிள்ளானில் இருக்கும் மிருக டாக்டரிடம் கொண்டுபோய்விட்டு வந்தார். நுரையீரலில் கிருமி, பிழைப்பது பாதிக்குப் பாதி என்றாராம் டாக்டர்.

“புதுசா எதாச்சும் பட்டுச்சான்னு டாக்டர் கேட்டாரு. நான் இல்லாதப்ப எதாச்சும் நடந்துச்சா, தங்கச்சி?”

“ஒண்ணும் இல்லக்கா,” என்றேன்.

கிளினிக்கில் நோயாளிகள் டாக்டரிடம் பொய் சொல்வதைப் பார்த்து எரிந்து விழுகிறவள் நான். இனிப்பைத் தின்றுவிட்டு இல்லை என்பார்கள். நாட்டு மருந்தைக் குடித்துவிட்டு இல்லை என்பார்கள். இவர்களுக்கு எப்படி வைத்தியம் செய்வது என்று தலையில் அடித்துக்கொள்வேன். மறுநாள் பதிவு மேசையில் உட்கார்ந்து ஓர் அட்டையும் ஒழுங்காக எழுத முடியவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, அக்கா வேனை நிறுத்துகிறவரை கேட்டில் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கைப்பேசியை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டு, பால், மஞ்சள், சாம்பிராணிப் புகை, ஈரம், அரை நாள் விசிறிக் காற்று என்று மலாயில் வரிசையாகச் சொன்னார். டாக்டர் சொன்னதைக் கையிலேயே எழுதிக்கொண்டார். வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“மூணு நாளைக்கு ஒரு ஊசி. மூணு வாரம். நானே போடணும். புடிச்சுக்க ஆள் வேணும். சாயங்காலம் வா.”

“திட்டிடுங்கக்கா.”

“திட்டுனா அதுக்கு மூச்சு வருமா? ஆறு மணிக்கு வா.”

அப்படித்தான் நான் பாம்பைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் என் கையில் அது சுருண்டபோது அந்த உடம்பு முழுவதும் ஒரே தசை என்று தெரிந்தது. மூச்சு இழுக்கும்போது உள்ளே ஏதோ கரகரவென்று உரசுவது என் உள்ளங்கையில் கேட்டது. நான் செய்த காரியம் அது. அக்கா ஊசி போட்டுவிட்டு, செதிலுக்கு மேல் பஞ்சை வைத்து மெல்ல அழுத்துவார். “நல்லாப் புடிச்ச,” என்பார். வேறொன்றும் சொல்ல மாட்டார். மூன்று வாரமும் ஒரு நாள்கூட அந்தச் சனிக்கிழமையைப் பற்றிக் குத்திப் பேசவில்லை. நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

ஐந்தாவது ஊசியன்று மாமியார் வந்துவிட்டார். நான் சாயங்காலங்களில் பாம்புக்குச் சேவை செய்யப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவர், கையில் பூவோடு வந்தார். வாயைப் பிளந்து மூச்சு விடும் பாம்பைப் பார்த்ததும் பூவைக் கீழே போட்டுவிட்டார். தான் ஊற்றிய பால்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அழுதார். அது நடிப்பில்லை, உடம்பு குலுங்கியது.

“தெரியாம செஞ்சிட்டனே... இது செத்துச்சின்னா அந்தப் பாவம் சும்மா வுடுமா? இனிமே இவ வயித்துல ஒண்ணு தங்குமா? ஏற்கனவே தோஷம் புடிச்சவ...”

அக்கா ஊசியைத் தட்டில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

“இதுக்கு மூச்சு வாங்குனப்ப நான் சாமி குத்தம்னு சொல்லல. டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனேன். இந்தப் புள்ளைய ஆறு வருசமா சோசியர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்க, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனீங்க, ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போனீங்க. ஒங்க மவன எங்கம்மா கூட்டிட்டுப் போனீங்க?”

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. மாமியார் கேட்டதில்லை, கணவர் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. எனக்குக் கண்ணீர் வழிந்தது. இரண்டு கையிலும் பாம்பு இருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. அக்கா தன் சட்டை நுனியால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, ஊசியை எடுத்துப் போட்டு முடித்தார். மாமியார் பூவைப் பொறுக்கிக்கொண்டு போனார்.

அன்று சாப்பாடு போடும்போது என் கணவரிடம் அந்தக் கேள்வியை நானே கேட்டேன். அவர் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தார். அக்காவிடம் போய்ச் சொன்னேன். “பயப்படுறாரு. சுருண்டுக்கிட்டா இழுக்கக் கூடாது,” என்றார். பத்து நாள் நான் அந்தப் பேச்சை இழுக்கவில்லை. இதற்கிடையில் ஏழு ஊசியும் முடிந்து, பாம்பின் விசில் சத்தம் நின்றது. தீபாவளிக்கு முந்தின வாரம் அது எலியைப் பிடித்து விழுங்கியதை நானும் அக்காவும் தரையில் உட்கார்ந்து மூச்சு விடாமல் பார்த்தோம். நாள்காட்டியில் எழுத அக்கா பேனாவை என்னிடம் கொடுத்தார்.

தீபாவளி முடிந்து இரண்டு நாள் கழித்து என் கணவர், “திங்கக்கெழம லீவு சொல்லிருக்கேன். எங்க போவணும்?” என்று கேட்டார்.

எங்கள் காடி ரிப்பேருக்காக ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. திங்கட்கிழமை காலை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்து, எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அக்கா வாசலில் ஹார்ன் அடித்தார். மாமியார் மகன் கையில் இடியப்பப் பொட்டலத்தைத் திணித்தார். ஆறடி மனிதர் பள்ளிப் பிள்ளைகளின் சீட்டில் முழங்காலை மடக்கி, பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. அக்கா கண்ணாடியில் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பயப்படாத தம்பி,” என்றார். “ஒனக்கு ஊசிகூட கெடையாது.”

என் கணவர் சிரித்துவிட்டார். அக்கா கியரைப் போட்டார்.